சுவரைப் பார்த்த நாற்காலி

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை. தைப்பவர்களின் நேரத்தை அளப்பதுதான் என் வேலை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, அட்டையில் செருகிய தாள். காலர் வைக்க எத்தனை வினாடி, பட்டன் துளைக்குக் காஜா எடுக்க எத்தனை வினாடி என்று எழுதிக் கொடுத்தால், மேலே இருப்பவர்கள் அதைப் பெருக்கி ஒரு நாளைக்கு இத்தனை சட்டை என்று முடிவு செய்வார்கள். தைப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் கடிகாரம். "கடிகாரம் வருது, கையை மெதுவா ஓட்டு" என்பது எங்கள் கூடத்தில் சகஜமாகக் காதில் விழும் வாக்கியம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டேன். ஒருத்தர் பின்னால் போய் நின்றதும் அவருடைய கை மாறிவிடும். சிலர் வேகத்தைக் கூட்டி விரலில் ஊசியை ஏற்றிக்கொள்வார்கள். சிலர் வேண்டுமென்றே இழுப்பார்கள். மற்ற எல்லோருக்கும் தோள் மேலேறி, கழுத்து இறுகி, பத்து வருடமாகச் செய்த வேலை புது வேலைபோல ஆகிவிடும். நான் அளந்ததெல்லாம் என்னைப் பார்த்த கையின் நேரம். அது தைக்கிற கையின் நேரமே இல்லை.

மூன்றாவது வரிசையில் காலர் வைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் காலர் என்றே கூப்பிட்டார்கள். நான் போய் நின்றதும் அவள் மெஷினையே நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"நீங்க நின்னா என் கை என் கையா இல்ல. வாங்க, நீங்களே உட்கார்ந்து தைச்சு அளந்துக்குங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு எப்படித் தோன்றியதோ, காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்து, அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு நீளமான ஓட்டம், முனையில் ஒரு நிறுத்தம், குட்டி ஓட்டம், மறுபடி முனை, மறுபடி நீளம், கடைசியில் கத்தரியின் ஒரு நறுக். காதாலேயே அளந்தேன். நாற்பத்தொரு வினாடி. பத்து காலருக்கும் ஏறக்குறைய அதே கணக்கு.

"முதுகுல கண்ணு இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

"காது இருக்கு."

அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அவள் போய் இப்போது இரண்டு வருடம் ஆகிறது. இருந்திருந்தால், இதைப் படித்துவிட்டுப் பாதியைத் திருத்தியிருப்பாள். குறிப்பாக, நாற்பத்தொன்று இல்லை, முப்பத்தெட்டுதான் என்று சொல்லியிருப்பாள்.

நான் எழுத வந்தது எங்கள் மகள் பிறந்த நாளைப் பற்றி. அது ஒரு பூனையிலிருந்து தொடங்குகிறது.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் கழிவுத் துணி போடும் பெரிய தொட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பூனை குட்டி போடத் தொடங்கியது. செய்தி பரவி, பெண்களும் ஆண்களுமாக முப்பது பேர் தொட்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். இரண்டு குட்டி வெளியே வந்தது. அதோடு பூனை நிறுத்திவிட்டது. ஒன்றுமே நடக்காததுபோலப் பாதத்தை நக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் என்று கூட்டம் கலைந்தது. என் மனைவி மட்டும் தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பூனை இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் இருட்டுக்குள் போயிற்று. சாயங்காலம் போய் எண்ணியபோது ஐந்து குட்டிகள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாள்.

"மிச்சம் மூணையும் அது எங்க வெச்சிருந்துச்சு?"

எங்களோடு இருந்தது அவளுடைய சித்தி. அவளுடைய அம்மாவின் தங்கை. ஏழு வயதிலிருந்து அவளை வளர்த்தவள். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வயித்துலதான்டி. வேற எங்க, பீரோவுலயா?"

"அது தெரியுது சித்தி. நிறுத்தி வெச்சுக்க முடியுமா? வேணாம்னு நினைச்சா நிக்குமா?"

"பூனையும் நீயும் ஒண்ணா? கையைக் கழுவிட்டுச் சாப்பிட வா."

சித்தி நல்லவள். ஆனால் பிரசவம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், "உன்னைப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல" என்று தொடங்கி, தெருவில் யாருக்கு எத்தனை நாள் வலி கண்டது, யாருக்கு எத்தனை தையல் போட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பாள். ஒருமுறை அவள் சொல்லத் தொடங்கியதும் நானே எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். இத்தனை கதை சொன்னவள் தன் அக்காவைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். "தம்பி பொறந்தப்ப அம்மா போயிட்டாங்க." பெண் பார்க்கப் போனபோதே என் மனைவி சொன்னது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழிவுத் துணியில் குழந்தைக்குச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது மேற்கொண்டு கொஞ்சம் சொன்னாள்.

"பயந்துதான் அம்மா செத்தாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. வலியைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஊசி விரலுக்குள்ள போய் நகம் வழியா வெளிய வந்திருக்கு, தாங்கியிருக்கேன். பயம் வந்துடுமோன்னுதான் பயம். பயந்தா எனக்கும் அப்படி ஆயிடும்."

கத்தரியை நிறுத்தாமலேயே சொன்னாள். குழந்தையின் கழுத்து இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று கேட்டுவைத்தேன்.

மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டு இடைவேளையில் பெண்களைக் கேட்கத் தொடங்கினாள். வலித்ததா என்று அவள் கேட்கவில்லை. "எந்த நிமிஷத்துல பயந்தீங்க?" என்றுதான் கேட்டாள். பதினோரு பேரைக் கேட்டாள். பட்டன் தைக்கும் பெண், தலைமாட்டில் யாரோ ஸ்டீல் தட்டைக் கொண்டுவந்து வைத்த சத்தத்தில் பயம் பிடித்தது என்றாள். அதற்குப் பிறகு வலியைவிடத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கேன்டீன்காரம்மா, தான் கத்துவது தெருவுக்குக் கேட்கிறது என்று ஜன்னலைச் சாத்தினார்களே, அப்போதுதான் என்றாள். பேக்கிங் சூப்பர்வைசருக்கு மூன்றாவது பிள்ளை டாக்ஸியில் பிறந்தது. "எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கலை. டிரைவர்தான் பயந்தான். வண்டியை நிறுத்திட்டு இறங்கி ஓடிட்டான்" என்றாள்.

நான் இதற்கு ஒரு அட்டவணை போட்டேன். பயந்த இடம், பயந்த நேரம், அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் என்று மூன்று கட்டம்.

"நான் கதை கேட்டுட்டு வர்றேன், நீங்க கட்டம் போடறீங்க" என்றாள். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். வெளிச்சம், சத்தம், தெரியாத ஆள், தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. அவள் பேனாவால் கடைசி வரியைத் தட்டி, "பூனைக்கும் இதேதான்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒருமுறை வகுப்பு நடக்கும். எடுத்தது ஒரு நர்ஸ். பெருத்த உடம்பு, கட்டைக் குரல், சிரிக்காமலே சிரிக்கவைக்கும் ஆள். பாயில் ஆறு பெண்கள், பின்னால் பெஞ்சில் நாங்கள் நான்கு புருஷன்மார். முதல் நாளே என் மனைவி கையைத் தூக்கிப் பூனைக் கதையைச் சொன்னாள். பாயில் சிரிப்பு. நர்ஸ் சிரிக்கவில்லை.

"ஆபத்துன்னு தோணுச்சுன்னா உடம்பு கதவைச் சாத்திக்கும்மா. ஓடணும் இல்ல? பாதியில எப்படி ஓடறது? மனுஷிக்கும் ஆரம்பத்துல அப்படி ஆகறது உண்டு. வீட்டுல நல்லா வந்துட்டிருந்த வலி, இங்க வாசப்படி ஏறினதும் ஓடிப் போயிடும்."

"அப்போ பயந்தா செத்துருவாங்களா?"

சிரிப்பு நின்றது. நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"பயந்தா வலி இழுத்தடிக்கும். வலிக்கிறது இன்னும் கூட வலிக்கும். சாகறதுக்கு வேற காரணம் வேணும். ரத்தம், ஜுரம், பிரஷர். அதையெல்லாம் பார்க்கறதுக்குத்தான் நாங்க சம்பளம் வாங்கறோம். இன்னொண்ணு சொல்றேன் கேளு. பயப்படவே கூடாதுன்னு பயந்தா, அது ரெண்டாவது பயம். ஒண்ணோட நிறுத்திக்கோ."

வகுப்பில் சொல்லிக் கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோளை இறக்கு, தாடையைத் தளர்த்து, மூச்சை நீளமாக வெளியே விடு. தாடை இறுகினால் கீழேயும் இறுகும் என்பாள் நர்ஸ். என் மனைவி அதை மெஷினில் உட்கார்ந்து பழகினாள். ஒவ்வொரு காலர் முனையிலும் தோளை இறக்கி ஒரு மூச்சு. இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவளுடைய நேரம் நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தேழுக்கு இறங்கிவிட்டது. நானும் புத்தியில்லாமல் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வரிசைக்கு டார்கெட் ஏறிப்போனது.

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து எங்க வயித்துல அடிக்கிறீங்களே! நீ மூச்சு விடறதை வீட்டோட வெச்சுக்கம்மா!" என்று பக்கத்து மெஷின்காரி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அடுத்த பாடம் ஐஸ். உள்ளங்கையில் ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இருக்க வேண்டும். வலி வரும்போது மனம் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு. வீட்டில் நாங்கள் தினமும் செய்தோம். முதல் நாள் ஐம்பத்திரண்டு வினாடியில் கீழே போட்டுவிட்டாள். மறுநாள் நான் எதிரே உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்து, "இருபது... முப்பது... இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை நிமிடம் பிடித்தாள். ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம். சித்தி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளையப் பெத்துக்கச் சொன்னா ஐஸ் வியாபாரம் பண்றீங்க" என்றாள்.

எண்ணைச் சொன்னால் அவளுக்குத் தைரியம் வருகிறது என்று நான் முடிவு கட்டினேன். பத்து தடவை அளந்து எடுத்த முடிவு. ஐஸ் என்பது பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய பொருள், பிரசவத்தில் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற வித்தியாசம் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரிப் பையில் நான் முதலில் எடுத்து வைத்தது ஸ்டாப்வாட்ச்.

அந்த நாள் காலையில் அவள் சித்திக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்திக்கு ஊசிக் காது சரியாகத் தெரியாது, கண்ணாடியும் போடமாட்டாள். ஆறு ஊசி கோத்துக் கொடுத்துவிட்டு, "வந்துடுச்சு போல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். வலி வரும்போது கதவு நிலையில் நெற்றியை வைத்து நின்று மூச்சை விட்டாள். போனதும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று, எட்டு, ஆறு, மத்தியானம் ஐந்து. எல்லாம் தாளில் இருக்கிறது. டாக்ஸி கூப்பிட்டோம். சித்தி ஃபிளாஸ்க்கையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

பிரசவ அறைக்குள் என்னை விட்டார்கள். வகுப்பு எடுத்த அதே நர்ஸ்தான் அன்றைக்கு டியூட்டி. "உள்ள வரலாம். மயங்கி விழுந்தா தூக்க மாட்டோம், தாண்டித்தான் போவோம்" என்று எச்சரித்து அனுமதித்தாள். உயரமான கட்டில், பச்சைத் திரை, கண்ணைக் கூசும் டியூப்லைட், ஒரு நாற்காலி. நான் நாற்காலியைக் கட்டிலுக்கு நேர் எதிரே போட்டு, கழுத்தில் வாட்ச்சை மாட்டி, அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். தொழிற்சாலை அட்டையேதான்.

ஐந்து நிமிடம். ஐந்து. ஏழு. ஆறு. பத்து.

"எத்தனை?" என்றாள்.

"பத்து."

"வீட்டுல அஞ்சுதானே?"

"ஆமா. பரவாயில்ல, நீ தோளை இறக்கு."

அவள் தோளை இறக்கினாள். ஆனால் கண் என் முகத்திலேயே இருந்தது. நான் வாட்ச்சைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அடுத்தது பதினாறு. பிறகு இருபது நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். இளம் வயசுப் பெண். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, பாதி வழி திறந்திருக்கிறது, ஆறு மணி வரை பார்க்கலாம், அதற்குள் வராவிட்டால் டிரிப் போட்டு வலியை வரவைக்கலாம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் உள்ளே வந்தாள். நான் சூப்பர்வைசருக்குச் சொல்கிற மாதிரி, தாளைப் பார்த்துச் சொன்னேன்.

"வலி நின்னுடுச்சு."

கட்டிலில் ஒரு சத்தம் கேட்டது. அவள் இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. மூன்றாம் வரிசையில் நான் முதல் தடவை போய் நின்றபோது இருந்த அதே தோள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் நர்ஸ்.

"அம்மாவுக்கும் இதேதான் சொன்னாங்க. நான் கதவுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒருத்தர், வலி நின்னுடுச்சுன்னாங்க. அப்புறம் யாரோ என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரும்போது அம்மா இல்ல."

நர்ஸ் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"கையில என்ன அது?"

"ஸ்டாப்வாட்ச்."

"இங்க என்ன ஓட்டப்பந்தயமா நடக்குது? போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அதை வெளியிலேயே விட்டுட்டு வாங்க."

வெளியே வராந்தா பெஞ்சில் சித்தி ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது பயத்தைவிட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. வலி நின்றது, சரி. அந்தப் பூனைக்கு மிச்சம் மூன்று வந்ததே.

"சித்தி, அவங்க அம்மாவுக்கு வலி நின்னதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

சித்தி திடுக்கிட்டுப் பார்த்தாள். "யார் சொன்னா உங்களுக்கு?"

"அவதான். கதவுக்கு வெளிய நின்னு கேட்டாளாம்."

சித்தி ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தாள், ஊற்றாமலே மூடினாள்.

"அதைச் சொன்னது நான்தான் மாப்பிள்ளை. எனக்கு அப்போ பதினெட்டு வயசு. ஒண்ணும் தெரியாது. மருத்துவச்சி வெந்நீர் எடுக்கப் போயிருந்தா, திரும்பி வந்ததும் சொன்னேன். அவ திட்டினா. களைச்சுப் போய் நின்னிருக்கு, திரும்ப வரும், வாயை மூடுன்னா. சாயங்காலம் திரும்ப வந்துச்சு. பிள்ளை பொறந்துச்சு. அக்கா எழுந்து உட்கார்ந்து பால் குடுத்தா. நாலாம் நாள் ஜுரம் வந்துச்சு. பத்தாம் நாள் போயிட்டா. அந்தப் பத்து நாளும் இவளைப் பக்கத்து வீட்டுல விட்டிருந்தோம். வீடு முழுக்க ஜனம், குழந்தைய யார் பார்க்கறது?"

"இதை அவகிட்ட சொன்னதே இல்லையா?"

"சின்னதுல கேட்பா. நான் பேச்சை மாத்திடுவேன். அக்கா பேரை எடுத்தா எனக்கு அழுகை வந்துடும். அப்புறம் அவ கேக்கறதை விட்டுட்டா. நானும் விட்டுட்டேன்."

நான் எழுந்து கதவைத் தட்டினேன். நர்ஸ் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். "நான் இல்ல. இவங்க அஞ்சு நிமிஷம் உள்ள போகணும்" என்றேன். என்ன நினைத்தாளோ, சித்தியை விட்டாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை. நான் வெளியே நின்று கேட்டேன். கேட்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

சித்தி எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது. முடிந்ததும் என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ வலி நின்னதால அம்மா போகலையா?"

"வலி நின்னே போயிருந்தா உன் தம்பி எப்படிடி பொறந்தான்? வானத்துல இருந்து விழுந்தானா?"

பிறகு அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. அழுகையும் கலந்திருந்தது.

"தொண்ணூறு கிலோவுக்கு லாரி ஓட்டிட்டுத் திரியறான் அந்தத் தடியன்" என்றாள் சித்தி. "வருஷா வருஷம் அவனுக்குச் சோறு போட்டுட்டே இப்படி ஒரு கணக்கை வெச்சிருந்தியா நீ?"

சித்தி வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கழுத்திலிருந்து வாட்ச்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். ஃபிளாஸ்க் பையில் போட்டுக்கொண்டாள். அட்டையையும் கொடுத்தேன். அதை விசிறியாக்கிக்கொண்டாள்.

நான் உள்ளே போனபோது டியூப்லைட் அணைந்திருந்தது. திரையை இழுத்து விட்டிருந்தார்கள். நாற்காலி நான் போட்ட இடத்திலேயே கட்டிலைப் பார்த்து நின்றது. அதைத் தூக்கித் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தோள் உயரம் வரை பச்சை பெயின்ட், அதற்கு மேல் வெள்ளை. ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று.

"என்ன, கடிகாரம் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கு?"

"பழைய பழக்கம்."

"வாட்ச் எங்க?"

"சித்தி பையில."

இப்படி இன்னொரு முறையும் நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், அவளுடைய தலைமாட்டுத் திரையில் ஓடிய எண்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தபோது, "திரும்பி உட்காருங்க" என்றாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் விரிப்பு உரசும் சத்தம். நர்ஸின் செருப்பு. குழந்தையின் துடிப்பைக் கேட்க வயிற்றில் எதையோ வைத்து எடுக்கும் சத்தம், "நல்லா இருக்கு" என்று ஒரு முணுமுணுப்பு. அது அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. நான் ஆணி ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நிமிடம் என்று மனம் எண்ணத் தொடங்கியது. எண்ணுவதை நிறுத்தப் பாடுபட்டேன். என் வாழ்க்கையிலேயே சிரமமான வேலை அதுதான்.

அப்போது அந்த மூச்சு கேட்டது. நீளமாக, ஒரே சீராக வெளியே போகும் மூச்சு. காலரின் நீளப் பக்கம். முனையில் ஒரு நிறுத்தம். அவள் தோளை இறக்குகிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. மறுபடி ஒன்று. அதற்கு அடுத்தது இன்னும் ஆழமாக. கட்டிலை விட்டு இறங்கி வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியை என் தோளில் வைத்தாள். நான் திரும்ப முயன்றேன்.

"அசையாதீங்க. இப்ப நீங்க மேஜை."

மேஜையாக இருந்தேன். சட்டை முதுகு நனைந்தது. அவள் கத்தவே இல்லை என்று நான் சொன்னால் பொய். கத்தினாள். நடுவில் ஒரு சமயம், "பயமா இருக்கு" என்று தெளிவாகச் சொன்னாள்.

"இருக்கட்டும்" என்றாள் நர்ஸ். "அதும்பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். நீ தாடையை விடு."

அதற்குப் பிறகு கட்டிலுக்குத் திரும்பக் கூட்டிப்போனார்கள். யாரோ டாக்டரைக் கூப்பிட ஓடினார்கள். நான் திரும்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம்" என்றாள். மூச்சு இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. குட்டி ஓட்டம், முனை, குட்டி ஓட்டம். பிறகு ஒரு பெரிய முனகல், ஈரமான ஒரு வழுக்கல், ஒரு நொடி ஒன்றுமே இல்லாத அமைதி. அதற்குப் பிறகு கத்தரியின் நறுக்கைவிடக் கூர்மையாக ஓர் அழுகை.

என் மகள் பிறந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

"இப்பத் திரும்பலாம்" என்றாள்.

திரும்பினேன். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. தோள் இரண்டும் தலையணையில் இறங்கிக் கிடந்தது. நெஞ்சின் மேல் ஒரு சிவந்த பொட்டலம் கையை விரித்து விரித்து மூடியது. டாக்டர் அப்போதுதான் கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே நுழைந்து, "அட, முடிஞ்சுதா?" என்றார்.

"மணி என்ன?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள்.

கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியலையே."

அவள் நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "பார்த்தீங்களா, கடிகாரத்துக்கே மணி தெரியல." நர்ஸ் எங்கேயோ எட்டிப் பார்த்துத் தாளில் ஒரு நேரத்தை எழுதினாள். பிறப்புச் சான்றிதழில் இன்றைக்கும் இருப்பது அவள் எழுதிய நேரம்தான்.

"தம்பிக்குப் போன் பண்ணுங்க" என்றாள் என் மனைவி. "அவன் குரலைக் கேக்கணும்."

கதவைத் திறந்தேன். சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டதிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறாள். ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் என் வாட்ச்.

"என்ன குழந்தை?"

"பொண்ணு சித்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவள் முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டாள். பிறகு நினைவு வந்தவளாக வாட்ச்சை என்னிடம் நீட்டினாள்.

"எதையோ அழுத்திட்டேன் மாப்பிள்ளை. அப்போ புடிச்சு ஓடிட்டே இருக்கு. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

முள் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த நிமிடத்தில் அழுத்தினாளோ. நான் கட்டை விரலால் முகப்பை மறைத்துக்கொண்டு, எத்தனை என்று பார்க்காமலே, பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.